இரக்கப்பட்டுக் கொடுத்த நேரம்

பிப்ரவரி 4

அண்ணிக்கு,

வணக்கம். இங்கே நலம். அங்கேயும் நலம்தான் என்று அண்ணன் சொன்னான்.

கடிதம் எழுதும் யோசனை என்னுடையது இல்லை, உங்கள் வீட்டுக்காரருடையது. போன வருஷச் சண்டைக்குப் பிறகு நாம் போனில் பேசிப் பார்த்த ஒவ்வொரு முறையும் "சாப்டாச்சா"வுக்கு அடுத்த வாக்கியத்திலேயே மறுபடி பற்றிக்கொண்டது. "ரெண்டு பேரும் லெட்டர் போட்டுக்குங்க. தபால் போய்ச் சேர்றதுக்குள்ள கோபமாவது ஆறும்" என்று அவன் தீர்ப்புச் சொல்லிவிட்டான். அவன் வாயிலிருந்து இதுவரை வந்த ஒரே உருப்படியான யோசனை என்பதால் கேட்கிறேன்.

முதலிலேயே ஒன்று. உங்கள் ஃபிரிட்ஜில் கல்லாகிப்போன அரை எலுமிச்சையையும், என்னவென்று உங்களுக்கே தெரியாத டப்பாக்களையும் நான் எடுத்து எறிந்தது குற்றமென்றால் குற்றம்தான். அதற்காக எல்லார் முன்னாலும், "இப்படித் துடைச்சுத் துடைச்சுத்தானே உன் புருஷனையும் வீட்டை விட்டு அனுப்பினே" என்று கேட்டீர்களே, அதை நான் மறக்கவில்லை. வயதில் நான் உங்களைவிட எட்டு மாசம் மூத்தவள், முறைக்காகத்தான் அண்ணி என்கிறேன் என்பதையும் நீங்கள் மறக்க வேண்டாம்.

இப்போது விஷயம். என்னை டயாலிசிஸ் வார்டிலிருந்து எடுத்துவிட்டார்கள். வருஷாவருஷம் நர்ஸ்களான எங்களுக்கும் ரத்தம் பார்ப்பார்கள். ஹெபடைட்டிஸ் பி ஊசி நான் எப்போதோ போட்டது. அதன் ஆன்டிபாடி இருக்க வேண்டிய அளவுக்குக் கீழே இறங்கிவிட்டதாம். ரத்தம் நாள் முழுக்க ஓடுகிற வார்டு, அதனால் ஆபத்து என்கிறார் மேட்ரன். இப்போது ஸ்டோரில் உட்கார்ந்து கையுறைப் பெட்டி எடுத்துக் கொடுக்கிறேன்.

மறுபடி ஒரே ஒரு ஊசி போட்டுப் பார்க்கலாமாம். ஆன்டிபாடி ஏறினால் வார்டு. ஏறாவிட்டால் நிரந்தரமாக ஸ்டோர். ஊசி சின்ன விஷயம்தான். ஆனால் ஏறவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டால் அதற்குமேல் பேச்சே இல்லை. உங்கள் ஆராய்ச்சிக்கூடத்தில் நோயை எதிர்க்கிற செல்களைத்தானே பார்க்கிறீர்கள்? என் உடம்புக்குள் பழைய ஊசியின் ஞாபகம் இன்னும் மிச்சம் இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்துச் சொல்ல முடியுமா?

வேறு யாரிடமாவது கேட்க முடிந்திருந்தால் உங்களிடம் கேட்டிருக்க மாட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் நாத்தனார்


பிப்ரவரி 11

அன்புள்ள நாத்தனாருக்கு,

எட்டு மாசம் இல்லை, ஏழரை. ஏழரை என்றால் உனக்குப் பொருத்தமாகவும் இருக்கும்.

முடியும். ஏற்கெனவே நடக்கிற ஆய்வுக்கு வெளியாட்கள் ரத்தம் கொடுக்கிறார்கள், நீயும் சம்மதக் கையெழுத்துப் போட்டால் போதும். பயப்படாதே என்று நான் சும்மா சொல்லவில்லை, காரணத்தோடு சொல்கிறேன். பொறுமையாகப் படி. நீ படிக்கும்போதே பாத்திரம் தேய்க்கிற ஆள் என்று எனக்குத் தெரியும்.

ஆன்டிபாடி என்பது வெளியே தெரிகிற சரக்கு. அது குறைந்துவிட்டால் கடையையே மூடிவிட்டார்கள் என்று அர்த்தமில்லை. அதைச் செய்யத் தூண்டுகிற டி செல்கள் உள்ளே எங்கேயோ ஒதுங்கி, வருஷக்கணக்கில் சும்மா கிடக்கும். அந்தக் கிருமியின், அதாவது எதிரியின், ஒரு துண்டைக் காட்டிப் பார், அப்போது தெரியும். முதல்முறை எதிரியைப் பார்க்கும் புது செல் ரொம்பத் தடுமாறும். மரபணுவைத் திறந்து, குறிப்பை நகல் எடுத்து, அதை வைத்துப் புரதம் செய்து வெளியே அனுப்ப அதற்கு நாட்கணக்கில் ஆகும். முன்பே பார்த்துப் பழகிய செல்லுக்கு அந்த வேலையெல்லாம் குறைவு. சில செல்கள் குறிப்பை முன்கூட்டியே நகல் எடுத்து, தப்பித்தவறி நடுவில் வேலை தொடங்கிவிடாதபடி அதன்மேல் ஒரு பூட்டும் போட்டு வைத்திருக்கும். மாவைப் பிசைந்து மூடி வைத்துவிட்டு அடுப்புக்குக் காத்திருப்பது மாதிரி. எதிரி வந்ததும் மூடியைத் தூக்க வேண்டியதுதான் பாக்கி.

செல்கள் அப்படிச் செய்து அனுப்புகிற சேதிப் புரதங்களுக்கு சைட்டோகைன் என்று பெயர். ஒன்று "பெருகு" என்று சொல்லும். ஒன்று அக்கம்பக்கத்துச் செல்களை உசுப்பும். நான் தேடப்போவது இன்டர்ஃபெரான் என்று ஒன்றை. பழகிய செல்லின் வேகத்துக்கு நம் சண்டையையே எடுத்துக்கொள். முதல் சண்டைக்கு முன்னால் எத்தனை வருஷம் மரியாதையாகப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தோம். இப்போது "சாப்டாச்சா" போதும்.

எப்படிப் பார்ப்பேன் என்றும் சொல்லிவிடுகிறேன். செல் இந்தப் புரதத்தைச் செய்த கையோடு வெளியே தள்ளிவிடும். வெளியே போனபிறகு யார் செய்தது என்று கண்டுபிடிக்க முடியாது. அதனால் செல்லின் வாசலை அடைக்கிற ஒரு மருந்து போடுவோம். செய்தது உள்ளேயே தேங்கும். பிறகு சாயம் ஏற்றி, செல்களை வரிசையாக லேசர் முன்னால் ஓடவிட்டால், புரதம் வைத்திருப்பவை மின்னும். ஒப்பிட்டுப் பார்க்க என் ரத்தத்தையும் பக்கத்திலேயே வைப்பேன். நான் ஊசி போட்டு ரொம்ப நாள் ஆகவில்லை.

உங்கள் அண்ணனை அங்கே அனுப்புகிறேன், ரத்தத்தை அவர் கையில் கொடுத்தனுப்பு. ஐஸில் வைக்காதே, செல்களுக்கு ஆகாது. பஸ்ஸில் தூங்கிவிடக் கூடாது என்று அவரிடம் இரண்டு தடவை சொல்.

அண்ணி


பிப்ரவரி 19

அண்ணிக்கு,

அண்ணன் கையில் கொடுத்தனுப்பியிருக்கிறேன். டப்பாவை மடியில் வைத்து, பிறந்த குழந்தையைப் பிடிப்பது மாதிரி பிடித்துக்கொண்டு பஸ் ஏறினான். பக்கத்து சீட்டுக்காரர் "என்ன சார், கேக்கா?" என்று கேட்டதற்கு, "என் தங்கச்சி" என்றானாம். அந்த ஆள் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டாராம்.

படித்தேன். பாத்திரம் தேய்க்காமல்தான் படித்தேன்.

ஸ்டோரைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். ஜன்னல் இல்லை. நான் வந்த முதல் வாரத்திலேயே எல்லா அலமாரியையும் துடைத்தாயிற்று. துடைக்க இனி எதுவும் பாக்கியில்லை என்பதுதான் இப்போது கஷ்டமாக இருக்கிறது. வார்டு இரண்டு மாடி மேலே. அங்கே கணக்கு வாத்தியார் ஒருவர் வாரம் மூன்று முறை வருவார். அவர் கையில் ஊசி ஏற்றுவது சுலபமில்லை, எனக்குப் பழக்கம். இப்போது புதுப் பெண் ஏற்றுகிறாள். நேற்று அவர் ஸ்டோர் வாசலுக்கே வந்து, கட்டுப் போட்ட கையைக் காட்டி, "விடை தப்பாவே வருதும்மா" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அவர் போனபிறகு நான் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். இதை அண்ணனிடம் சொல்லாதீர்கள்.

அந்த வார்டுதான் என் வேலை, அண்ணி. வீட்டில் ஒன்றும் இல்லாதபோதும் அது இருந்தது. அதனால்தான் நேராகப் போய் ஊசி போட்டுக்கொள்ளப் பயமாக இருக்கிறது. மேட்ரன் ஏப்ரல் வரைதான் காத்திருப்பாராம்.

நல்ல சேதியாகச் சொல்லுங்கள். பொய் சொல்ல வேண்டாம்.

நாத்தனார்


மார்ச் 2

அன்புள்ள நாத்தனாருக்கு,

பொய் சொல்ல வேண்டாம் என்று எழுதியிருந்தாய். அதனால் சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன்.

உன் செல்கள் மின்னவில்லை. என் செல்கள் மின்னின, ஒரு கூட்டமாக, திரையின் ஓரத்தில் தெளிவாக. உன்னுடையதில் அந்த இடம் வெறிச்சோடிக் கிடந்தது. எதிரியின் துண்டைக் காட்டாத செல்களுக்கும் காட்டிய செல்களுக்கும் வித்தியாசமே தெரியவில்லை. இரண்டு முறை ஓட்டிப் பார்த்தேன்.

ரத்தத்தில் இந்தச் செல்கள் எப்போதும் மிகக் குறைவு, ஒரு சோதனையில் அகப்படாமல் போகலாம். எலும்பு மஜ்ஜையிலும் நிணநீர்க் கட்டியிலும் ஒளிந்திருக்கலாம். இதெல்லாம் உண்மைதான். ஆனால் உனக்குக் கொடுத்தனுப்ப என் கையில் நல்ல சேதி இல்லை என்பதும் உண்மை.

ஊசியைப் போட்டுக்கொள் என்றுதான் இப்போதும் சொல்வேன். முடிவு உன்னுடையது.

உங்கள் அண்ணன் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. நானும்தான்.

அண்ணி


மார்ச் 7

அண்ணிக்கு,

கடிதம் கிடைத்தது. சிரமத்துக்கு நன்றி.

ஊசி வேண்டாம், ஸ்டோரிலேயே இருந்துகொள்கிறேன் என்று இன்று மேட்ரனிடம் சொல்லிவிட்டேன். அவர் என் தோளைத் தட்டிக் கொடுத்தார். தெரிந்த பதிலை இன்னொரு தடவை ஊசி குத்திக் கேட்பானேன்?

உங்கள் வேலை உங்களுக்கு நன்றாகத் தெரியும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சந்தேகம் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அண்ணனைச் சாப்பிடச் சொல்லுங்கள். இனி எழுத ஒன்றும் இல்லை.

நாத்தனார்


மார்ச் 13

அடி பினாயிலு,

உங்கள் அண்ணன் உனக்கு வைத்த பேர்தான். இன்றைக்கு நானும் அப்படித்தான் கூப்பிடுவேன். ஏன் என்று கடைசியில் புரியும். இந்தக் கடிதத்தை உட்கார்ந்து படி. படித்து முடிக்கும்வரை மேட்ரனிடம் இனி ஒரு வார்த்தையும் பேசாதே.

எங்கள் ஆராய்ச்சிக்கூடத்து உறைபெட்டியில் எனக்கென்று ஒரு தட்டு இருக்கிறது. மற்றவர்கள் தட்டிலும் என்னுடையது பரவிக் கிடக்கும். என்னைக் குடோன் என்று நீ கிண்டல் செய்வாயே, இங்கேயும் அதே பேர்தான். நேற்று என் பக்கத்து மேஜைக்காரர் பொறுமை இழந்துவிட்டார். "மேடம், உங்க குப்பையை நீங்களே எடுக்கறீங்களா, நான் எடுக்கட்டுமா?" என்றார். நீதான் வேஷம் மாறி வந்துவிட்டாயோ என்று நினைத்தேன்.

எடுத்துப் போட உட்கார்ந்தபோது "பினாயில்" என்று எழுதிய சின்னக் குப்பி ஒன்று கையில் வந்தது. உன் செல்கள் மிதந்துகொண்டிருந்த திரவம். வாசலை அடைப்பதற்கு முன்னால் செல்களை வேறு திரவத்துக்கு மாற்றினேன், பழைய திரவத்தை எல்லாரும் கழிவில் ஊற்றுவார்கள். எனக்குத்தான் எதையும் கொட்ட மனசு வராதே. எறிவதற்கு முன் அதில் ஏதாவது இருக்கிறதா என்று ஒரு சோதனை போட்டேன். இன்டர்ஃபெரான் இருந்தால் நிறம் மாறும் சோதனை.

மாறியதடி! பார்த்துக்கொண்டிருக்கும்போதே மஞ்சள் ஏறியது. நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன்.

என்ன நடந்தது தெரியுமா? வாசல் மருந்தை எப்போது போடுவது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. என் ரத்தத்துக்கு வழக்கப்படி, எதிரியைக் காட்டிய கொஞ்ச நேரத்திலேயே போட்டுவிட்டேன். உன்னுடையதற்குப் போடவில்லை. உன் ஊசி பழையது, ஆன்டிபாடியும் இறங்கிவிட்டது, பாவம், மெதுவாகத்தான் எழுந்திருக்கும், கொஞ்சம் கூடுதலாக நேரம் கொடுப்போம் என்று நினைத்து மறுநாள் காலைவரை விட்டுவிட்டேன். வேறு யாருடைய ரத்தமாக இருந்தாலும் இந்தக் காரியத்தைச் செய்திருக்க மாட்டேன். உன்னுடையது என்பதால் இரக்கப்பட்டேன்.

உன் செல்கள் எனக்காகக் காத்திருக்கவில்லை. எதிரியைக் கண்டவுடன் செய்ய வேண்டியதைச் செய்து, சொல்ல வேண்டியதையெல்லாம் வெளியே கொட்டிவிட்டு, வேலை முடிந்தது என்று உட்கார்ந்துவிட்டன. காலையில் வந்து நான் வாசலைச் சாத்தியபோது உள்ளே ஒன்றுமில்லை. காலியான பாத்திரத்தைப் பார்த்துவிட்டுச் சமைக்கவே இல்லை என்று உனக்கு எழுதிவிட்டேன்.

உன் செல்களில் பாதியை, கெடாமல் காக்கிற மருந்து சேர்த்து உறையவைத்திருந்தேன். அதை எழுப்பி, இந்த முறை எந்தச் சலுகையும் காட்டாமல், என்னுடையதற்குச் செய்த அதே கணக்கில் செய்தேன். மின்னுகின்றன. என் கூட்டத்தைவிடச் சின்னக் கூட்டம்தான், ஆனால் ஒவ்வொரு செல்லும் என்னுடையதைவிடப் பளிச்சென்று இருக்கிறது. பக்கத்து மேஜைக்காரர் திரையைப் பார்த்துவிட்டு, "யாருங்க இவங்க, இவ்வளவு கோபக்காரங்க?" என்று கேட்டார். என் நாத்தனார் என்றேன், பெருமையாக.

டி செல் பேசினால் ஆன்டிபாடி கட்டாயம் ஏறும் என்று எழுதிக் கையெழுத்துப் போட என்னால் முடியாது. ஆனால் போய் ஊசி போட்டுக்கொள் என்று அடித்துச் சொல்வேன். உன் உடம்பு மறக்கவில்லை. நான் கண்ணால் பார்த்தேன்.

அண்ணி


மார்ச் 17

அண்ணிக்கு,

கோபத்தோடுதான் எழுதுகிறேன். தபால் வந்து சேர்வதற்குள் இது ஆறாது, அண்ணனிடம் சொல்லிவிடுங்கள்.

பாவமா? நானா? என் வீட்டுக்காரர் போனதிலிருந்து எல்லாரும் என்னிடம் பஞ்சில் சுற்றித்தான் பேசுகிறார்கள். கல்யாண வீட்டில் என்னை நல்ல நாற்காலியாகப் பார்த்து உட்கார வைக்கிறார்கள். மேட்ரன் தோளைத் தட்டுகிறார். என்னிடம் நேருக்கு நேர் சண்டை போட்டது நீங்கள் ஒருத்திதான். அந்தப் பேச்சு என்னை எவ்வளவு சுட்டது என்று உங்களுக்குத் தெரியாது. ஆனாலும் அன்றைக்கு ராத்திரி உங்கள் வீட்டிலிருந்து பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பியபோது, இவளாவது என்னைச் சமமாக நினைத்துத் திட்டினாளே என்றும் ஒரு ஓரத்தில் தோன்றியது. கடைசியில் நீங்களும் பாவம் பார்த்திருக்கிறீர்கள். அதுவும் என் ரத்தத்தைப் பார்த்து!

இனிமேல் எனக்குக் கூடுதல் நேரம், கூடுதல் சலுகை எதுவும் வேண்டாம். திட்டுவதாக இருந்தால் திட்டுங்கள்.

கடிதத்தை ஸ்டோரிலேயே நின்றபடி படித்தேன், உட்காரவில்லை. படித்து முடித்ததும் நேராக மேட்ரன் அறைக்குப் போனேன். "முடிவை மாத்திக்கிட்டே இருக்கீங்களே சிஸ்டர்" என்றார். "நான் மாத்தலைங்க. என் அண்ணி தப்பாப் பார்த்துட்டாங்க. இப்ப சரியாப் பார்த்திருக்காங்க" என்றேன். "உங்க அண்ணி யாரு?" என்றார். "இந்த மாதிரி செல்லைப் பத்தித்தான் அவங்க வேலையே. எதையும் தூக்கிப் போட மாட்டாங்க" என்றேன்.

இடது கையில் போட்டிருக்கிறது. போட்டவள் அந்தப் புதுப் பெண். எனக்கு அவள் ஒழுங்காகத்தான் குத்தினாள், அதையும் சொல்ல வேண்டும். கை நன்றாக வீங்கி வலிக்கிறது. வலிக்கட்டும். ஒரு மாசம் கழித்து ரத்தம் எடுப்பார்கள்.

பெருமையாகச் சொன்னேன் என்று எழுதியிருந்தீர்களே, அந்த வரியை மட்டும் இரண்டு தடவை படித்தேன்.

நாத்தனார்


மார்ச் 23

பினாயிலு,

சரி. இனி இரக்கம் கிடையாது.

உன் புருஷனைப் பற்றி நான் சொன்னது தப்பு. கோபத்தில் கைக்குக் கிடைத்ததை எடுத்து எறிந்தேன், அது உன் மேல் பட்டுவிட்டது. அதை நீ மறக்க வேண்டும் என்று கேட்க மாட்டேன். மறக்கவும் மாட்டாய், உன் செல்களைப் பார்த்தவள் நான்.

இரக்கம் கிடையாது என்று சொல்லிவிட்டேன் அல்லவா, இதையும் கேட்டுக்கொள். நீ எறிந்த டப்பாக்களில் ஒன்றில் இருந்தது நான் முதல்நாள் செய்துவைத்த சாம்பார்ப் பொடி. நல்ல பொடி. என்னவென்று தெரியாமல் எறிந்தவள் நீ.

ரத்தம் எடுக்கிற அன்றைக்குக் காலையில் எனக்கு ஒரு வரி எழுதிப் போடு. அது இங்கே வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருக்கும், இருந்தாலும் போடு.

அண்ணி


ஏப்ரல் 22

குடோன் அண்ணிக்கு,

ரத்தம் எடுத்த அன்றைக்கு எழுதவில்லை. பேனாவை எடுத்தேன், மறுபடி வைத்துவிட்டேன்.

இன்றைக்கு முடிவு வந்தது. எண் போடவில்லை அண்ணி. அந்தக் கருவி அளக்கிற எல்லைக்கு மேலே போய்விட்டது என்று மட்டும் போட்டிருக்கிறது. மேட்ரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுப் படித்தார். "இத்தனை நாளா இதெல்லாம் எங்க இருந்துச்சு?" என்று என்னைக் கேட்டார். "பிசைஞ்சு மூடி வெச்சிருந்துச்சுங்க" என்றேன். அவருக்குப் புரியவில்லை. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது, தண்ணீர் குடிக்க வேண்டும் என்று சொல்லி வெளியே வந்துவிட்டேன்.

மத்தியானமே வார்டுக்கு ஏறிவிட்டேன். கணக்கு வாத்தியார் படுக்கையில் சாய்ந்தபடி என்னைப் பார்த்தார். கையை நீட்டிவிட்டு, "வந்துட்டியாம்மா? உனக்குன்னு ஒரு நல்ல இடமா ஒதுக்கி வெச்சிருக்கேன்" என்றார். முதல் குத்திலேயே சரியாகப் போயிற்று. புதுப் பெண்ணைப் பக்கத்தில் நிற்கவைத்துக் கொண்டுதான் போட்டேன். அந்த வார்டின் ஜன்னல் கண்ணாடியை இரண்டரை மாசமாக யாரும் துடைக்கவில்லை, அதையும் இன்றைக்கே முடித்தேன்.

இந்தச் சேதியை உடனே சொல்ல ஆள் வேண்டும் என்று தோன்றியதும் போனை எடுத்து உங்கள் எண்ணைத்தான் அழுத்தினேன். அண்ணன் எண் இல்லை, உங்களுடையது. நீங்கள் எடுக்கவில்லை. எங்கேயாவது எதையாவது உறையவைத்துக்கொண்டிருந்திருப்பீர்கள். அதனால்தான் இந்தக் கடிதம். இதுதான் கடைசி, இனிமேல் போனில் பேசிக்கொள்வோம். சண்டை வந்தால் வரட்டும்.

சனிக்கிழமை பஸ் ஏறுகிறேன். சாம்பார்ப் பொடி வாங்கி வருகிறேன், மேலே பெரிதாகப் பேர் எழுதி. உங்கள் உறைபெட்டியில் இருக்கிற என் பேர் போட்ட அந்தக் குப்பியை மட்டும் பத்திரமாக வையுங்கள், யார் சொன்னாலும் எறியாதீர்கள். வீட்டு ஃபிரிட்ஜில் இருக்கிற மற்றதையெல்லாம் நான் வந்து எறிந்துகொள்கிறேன்.

பினாயில்